மாங்குளத்து வளவுக்குச் சோலர் கரண்ட் வேலி: பத்து மாசம் பாவிச்சுப்போட்டுச் சொல்லுறன்

வேலிக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி இப்பவும் டிக் டிக் எண்டு அடிச்சுக்கொண்டுதான் இருக்கு. அதை முதல்லயே சொல்லுறன், ஏனெண்டா வளவுக்கு வாற ஆக்கள் எல்லாரும் முதல் கேக்கிறது "உது எத்தினை நாளைக்கு நிக்கும் அண்ணை" எண்டுதான். தைப்பொங்கல் முடிஞ்ச கிழமை பூட்டினது, இப்ப ஐப்பசி முடியப்போகுது, ஒரு கோடை முழுக்கக் கண்டிட்டுது, மாரியும் துவங்கிட்டுது, அதால இப்ப எழுதினாத்தான் நியாயமா இருக்கும்.

வாங்கினது வவுனியா டவுனில ஒரு கடையில, பேர் வேண்டாம். செற்றா வாங்கினனான்: வேலிக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி, 20 வாட் சோலர் தட்டு, 12 வோல்ட் பற்றறி, இன்சுலேற்றர் ஒரு பை, நிலத்துக்க அடிக்கிற எர்த் கம்பி ஒண்டு, மஞ்சள் எச்சரிக்கை மட்டை நாலு. வேலிக் கம்பி வேறயா கிலோ கணக்கில, 14 கேஜ் ஜி.ஐ. கம்பி 15 கிலோ. என்ர வளவு அரை ஏக்கர், சுத்திவர 180 மீற்றர், மூண்டு லைன் இழுத்தா 540 மீற்றர், 15 கிலோ கணக்காக் காணும். தூண் செலவை விட்டுப் பாத்தா ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய முடிஞ்சுது. தூணுக்கு பழைய வேலிக் கட்டையளும், மூலைக்கு மட்டும் கொங்கிறீற்றும்.

எங்கட இடத்தைப் பற்றித் தெரியாத ஆக்களுக்கு: மாங்குளம் சந்தியில இருந்து என்ர வீடு நடந்து போற தூரம். ஏ9 றோட்டில ராவு பகல் எண்டில்லாமல் பஸ்ஸும் லொறியும், அங்கால 2013 இல திரும்பப் போட்ட ரெயில் லைன், ஆஸ்பத்திரி இருக்கு, வங்கி இருக்கு, டவுன் எண்டுதான் சொல்லுறம். ஆனா பின்வேலியால எட்டிப் பாத்தாக் காடு. விடியக் காலமை மந்திக் கூட்டம் கடைத் தகரத்தில ஓடுற சத்தத்தோடதான் சந்தி எழும்புறது, பின்னேரத்தில மயில் தண்டவாளத்தால நடந்து போகும், ராவில நரி ஊளை. நாங்கள் 2010 இல முகாமில இருந்து திரும்பி வரேக்க வீடு நிண்ட இடத்தில ஆள் உயரத்துக்குப் பத்தை, கிணத்துக்குள்ள ஆலமரம் முளைச்சு நிண்டது. யானை போற வழி எங்கட பின்வேலியோட குளத்துக்குப் போகுது எண்டு மாடு மேய்க்கிற ஐயா ஒராள்தான் காட்டித் தந்தவர், லத்தி காஞ்சு கிடந்த வரிசைய வைச்சு. எங்களிட்டக் காணிக்குப் பெமிட் இருக்கு, அதுகளிட்ட ஒண்டும் இல்லை, ஆனா வழிய அதுகள் மறக்கேல்ல.

இனி நான் ஏன் இதை வாங்கினனான் எண்டு. போன வருசம் கார்த்திகையில நான் ஒரு பெரிய பிழை விட்டனான். மரவள்ளி முழுக்கப் பண்டி கிண்டிப்போட்டுது, ஒரு ராவில அறுபது எழுபது மூடு, மகள் வைச்ச பயிற்றங்கொடிப் பாத்தியும் சேர்த்து. கோவத்தில வீட்டு லைனில இருந்து வயர் இழுத்துக் கம்பிக்குக் குடுத்தனான். ராவில மட்டும், விடிய எழும்பி நிப்பாட்டிடுவன் எண்டு மனிசிக்குச் சொன்னனான். ரெண்டாம் நாள் விடிய நான் எழும்ப முதல் எங்கட ஜிம்மி அந்தக் கம்பியில போய்ப் பட்டிட்டுது. மகள் பல்லு மினுக்கக் கிணத்தடிக்குப் போனவள், "அப்பா, ஜிம்மி எழும்புதில்லை" எண்டு கூப்பிட்டுக்கொண்டு அதைத் தொடக் குனிஞ்சவள். நான் படுக்கையில இருந்து எப்பிடி மெயின் சுவிச்சுக்குப் போனனான் எண்டு இப்பவும் எனக்குத் தெரியாது. அவளின்ர கைக்கும் நாய்க்கும் இடையில ஒரு சாண் கூட இல்லை. அண்டைக்கு வயரை அறுத்தெறிஞ்சனான். இது எங்கட பக்கத்தில கனபேர் செய்யிற வேலை, சட்டப்படி குற்றம், எண்டாலும் இண்டைக்கும் செய்யினம், அதாலதான் வெக்கத்தை விட்டு இதை எழுதுறன்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு விளங்கினாத்தான் காசு செலவழிக்க மனம் வரும். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்தான், ஆனா அது நிக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், பிடிச்ச கை இறுகிப் போகும், விட ஏலாது. சோலர் வேலிப் பெட்டி விடுறது 7000, 8000 வோல்ட், கேக்கப் பயமா இருக்கும், ஆனா அது ஒரு துடிப்பு, கண்ணிமைக்கிற நேரத்திலயும் சின்னப் பங்கு, பிறகு ஒரு செக்கனுக்குக் கிட்ட ஒண்டுமே இல்லை, பிறகு அடுத்த டிக். அந்த இடைவெளியில மனிசனோ மாடோ கைய மூக்கை எடுத்திடலாம். நான் வேணுமெண்டே ஒருக்காத் தொட்டுப் பாத்தனான், பிள்ளையள் இருக்கிற வீட்டில தொட்டுப் பாக்காமல் எப்பிடிப் போடுறது? முழங்கையில ஆரோ கட்டையால அடிச்ச மாதிரி இருந்தது, ஒரு நிமிசத்தில சரி. நோகும், ஆள் சாகாது. (இருதயத்துக்கு மெசின் வைச்ச ஆக்கள், சின்னப் பிள்ளையள் கிட்டப் போகாமல் பாக்கிறது வேற விசயம், மஞ்சள் மட்டை அதுக்குத்தான், நாலு காணாது, நான் இன்னும் பத்து எழுதித் தொங்கவிட்டனான், தமிழிலயும் சிங்களத்திலயும்.)

சோலர் எண்டதால இன்னொரு நன்மை. 2025 மாசி மாசம் 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும், பாணந்துறை உபமின் நிலையத்துக்குள்ள ஒரு குரங்கு பூந்து, ஞாயிற்றுக்கிழமை பகல் முழு இலங்கையும் நிண்டது. அண்டைக்கு எங்கட வீட்டில ஃபான் இல்லை, தண்ணி மோட்டர் இல்லை, பின் வளவுக்குப் போனா இந்தப் பெட்டி மட்டும் தன்ர பாட்டுக்கு டிக் டிக். பூட்டி ஒரு மாசம் கூட ஆகேல்ல, அண்டைக்குத்தான் மனிசிக்கும் இதில ஒரு நம்பிக்கை வந்தது.

பண்டிக்கு இதைவிட நல்ல சாமான் இல்லை. கீழ்க் கம்பி நிலத்தில இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்க வேணும், ரெண்டாவது ஒரு முழத்தில, மூண்டாவது நெஞ்சளவில. கீழ்க் கம்பிய உயத்திப் போட்டா பண்டி முதுகால தள்ளிக்கொண்டு உள்ளுக்க வந்திடும், முதுகு மயிர் மொத்தம், அங்க கரண்ட் பிடிக்காது, ஈர மூக்கில பட வேணும். முதல் கிழமை ராவில ரெண்டு தரம் கீச்சிட்டுக் கேட்டுது, பிறகு மண்ணில அடிதான் தெரியும், வேலிக்கு ஒரு மீற்றர் தள்ளி நடந்து திரும்பிப் போன அடி. இந்தப் பத்து மாசத்தில மரவள்ளி ஒரு மூடு போகேல்ல. முள்ளம்பண்டி அப்பிடியில்லை, தென்னங்கண்டு ரெண்டைக் குருத்தோட திண்டிட்டுது, அது கம்பிக்குக் கீழால மண் கிளறி வரும், முள்ளில கரண்ட் ஏறாது. கண்டைச் சுத்தித் தகரம் வைச்சதுதான் அதுக்கு மருந்து.

இனி குறைகள். பெரிய குறை பெட்டியில இல்லை, வித்த விதத்தில. "ஒரு எர்த் கம்பி காணும் அண்ணை, எல்லாருக்கும் அதுதான் குடுக்கிறம்" எண்டு கடைத் தம்பி சொன்னவர். காணவே காணாது. கரண்ட் கம்பியால போய், மிருகத்தின்ர உடம்பால இறங்கி, நிலத்தால திரும்பி எர்த் கம்பி வழிய பெட்டிக்கு வந்தாத்தான் அடிக்கும். தை மாசியில நிலம் ஈரம், டெஸ்டர் 8 எண்டு காட்டினது, எட்டாயிரம் வோல்ட் எண்டு அர்த்தம். சோளகக் காத்துத் துவங்கி வைகாசி ஆனியில எங்கட மண் கல்லா இறுகினாப் பிறகு 2 ஐத் தாண்டேல்ல, நாட்டுமாடு ஒண்டு கம்பியில முதுகு தேச்சுக்கொண்டு நிண்டதைப் பாத்து எனக்கு அழுகைதான் வந்தது. பெட்டி பழுது எண்டு நினைச்சு வவுனியாவுக்குக் கொண்டு போனனான், ஒரு நாள் வேலையும் போச்சு, பஸ் காசும் போச்சு, அங்க அது நல்லாத்தான் அடிச்சது. பிறகு சோலர் வேலை செய்யிற ஒரு பெடியன்தான் வந்து பாத்து, ஆறடிக் கம்பி மூண்டு, ஒண்டுக்கொண்டு பத்தடி தள்ளி, அதுவும் எங்கட கிணத்தடிக்குக் கிட்ட, குளிக்கிற தண்ணி ஓடுற இடத்தில அடிச்சு மூண்டையும் ஒரே வயரால தொடுத்து விட்டவர். அண்டைக்குப் பின்னேரமே 6.5. இதை வாங்கிற நாளே கடையில சொல்லியிருந்தா ரெண்டு மாசம் என்ர தோட்டம் திறந்து கிடந்திருக்காது. நீங்கள் வாங்கினால் மூண்டு எர்த் கம்பி கேட்டு வாங்குங்கோ, கோடையில கிழமைக்கு ஒருக்கா ஒரு வாளி தண்ணி ஊத்துங்கோ.

ரெண்டாவது பற்றறி. தந்தது கார் பற்றறி. அது ஒரேயடியா இழுத்து எஞ்சின் ஸ்ராட் பண்ணச் செய்தது, ராவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி பகலில ஏறுறதுக்கில்லை. ஏழாம் மாசம் படுத்திட்டுது. சோலருக்கெண்டு விக்கிற பற்றறி விலை கூட, ஆனா அதைத்தான் போட வேணும்.

மூண்டாவது எறும்பு. பெட்டி ராவில இளஞ்சூடா இருக்கும், அந்தச் சூட்டுக்கு எறும்பு குடியேறும். ஆவணியில டிக் நிண்டு போச்சு, திறந்து பாத்தா சேர்க்கிற்றுக்கு மேல வெள்ளை வெள்ளையா முட்டையும் மண்ணும், நடுவில ஒரு பல்லி கருகி ஒட்டிக் கிடந்தது. ஒரு வருச வொரண்டி எண்டு எழுதித் தந்த கடை "பூச்சி போனா வொரண்டிக்க வராது" எண்டு 1500 ரூபா வாங்கினவை. அதைப் பில்லில எழுதியிருக்கலாம். இப்ப வயர் போற ஓட்டையள் எல்லாம் சிலிக்கனால அடைச்சு, பெட்டிக்குள்ள ரெண்டு பூச்சி உருண்டை போட்டு வைச்சிருக்கிறன், பிறகு ஒண்டும் வரேல்ல.

மந்தி விசயத்தில ஆரும் உங்களுக்கு "குரங்குக்கும் இது நிக்கும்" எண்டு சொன்னா நம்பவேண்டாம். மயில் மேல் கம்பியில வந்து குந்தி இருந்து தோகைய ஒதுக்கிக்கொண்டு என்னைப் பாக்கும், ஒண்டும் நடக்காது, கால் நிலத்தில படாததால. மந்தியும் அப்பிடித்தான், கட்டையால ஏறும், கம்பியில ஒரு கை வைக்கும், பாய்ஞ்சிடும். அந்தச் சோலர் பெடியன் ஒரு வழி சொன்னவர், நடுக் கம்பியக் கரண்டில இருந்து கழட்டி எர்த்தோட தொடுக்கச் சொல்லி, அப்ப மேல் கம்பியையும் நடுக் கம்பியையும் ஒரே நேரம் பிடிச்சா நிலம் தொடாமலே அடிக்கும். கோடைக்கும் இது நல்லது, மண் காஞ்சாலும் கம்பி வழிய திரும்பும். செய்து பாத்தம். கறுத்த முகத்துப் பெரிய தாட்டான் ஒண்டு அண்டைக்கு நல்லா வாங்கிச்சுது, பிறகு ரெண்டு கிழமை கூட்டமே வரேல்ல, எங்களுக்குச் சந்தோசம். மூண்டாம் கிழமை றோட்டுப் பக்க வேப்பங்கொப்பில இருந்து நேரா பப்பாசியில பாய்ஞ்சிதுகள். கொப்பை வெட்டினன், பிறகு கரண்ட் போஸ்ற்றில இருந்து தகரத்துக்கு, தகரத்தில இருந்து வாழைக்கு. டவுனுக்க கூரையும் வயரும்தான் அதுகளுக்குக் காட்டு வழி, அதை நாங்கள்தான் கட்டிக் குடுத்திருக்கிறம். பங்குனி 15 காலமை எட்டு மணியில இருந்து அஞ்சு நிமிசம் நாடு முழுக்கக் குரங்கு, மயில், மரஅணில் கணக்கெடுத்தவை எல்லோ, எங்கட வளவில மட்டும் நானும் மகளும் மந்தி 17 எண்டு எழுதினம், குட்டியள் தாயின்ர வயித்தோட ஒட்டிக்கிடந்ததால ரெண்டு மூண்டு விடுபட்டிருக்கும். அதுகளுக்கு இப்ப நான் செய்யிறது பழத்தைப் பழுக்க முதல் ஆயிறதும், சாப்பாட்டுக் குப்பைய வெளிய கொட்டாமல் கிடங்கு வெட்டிப் புதைக்கிறதும்தான். சந்தியில கடை வைச்சிருக்கிற ஆக்கள் அழுகின மரக்கறிய பின்பக்கம் கொட்டுறதை நிப்பாட்டினா பாதி கூட்டம் திரும்பிப் போகும், மயிலும் பண்டியும் அதுக்குத்தான் வருது, பண்டிக்குப் பின்னால வேற வரும்.

வேற எண்டு நான் சொல்லுறது சிறுத்தையை. 2018 இல கிளிநொச்சி அம்பாள்குளத்தில ஒரு சிறுத்தை குடியிருப்புக்குள்ள வந்து, பத்துப் பேர் போலக் காயப்பட்டு, பிறகு சனம் சேர்ந்து பொல்லால அடிச்சுச் சாக்காட்டினதை வீடியோவில பாத்திருப்பியள். காயப்பட்ட சனத்தின்ர பயம் எனக்கு விளங்குது, நானும் அந்த இடத்தில நிண்டா என்ன செய்திருப்பனோ, ஆனா செத்த மிருகத்தைத் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுத்தது இப்பவும் மனசுக்கை குத்துது.

யானைக்கு வருவம். பாலைப்பழக் காலம், ஆனி மாசம், எர்த் திருத்தி ஒரு கிழமை போல. ராவு ரெண்டரைக்கு மாடு கத்தின சத்தத்துக்கு எழும்பினனான், லைற் போடேல்ல, நிலவு இருந்தது. பின்வேலிக்கு அங்கால ஒரு தனியன் நிக்குது. கொம்பில்லை, எங்கட நாட்டு ஆண் யானையில கொம்பு உள்ளது நூற்றுக்குப் பத்தும் இல்லை. அது நேரா வந்து முட்டேல்ல. தும்பிக்கைய நீட்டி கம்பிக்கு ஒரு விரல்கடை தள்ளி அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிண்டது, புஸ் புஸ் எண்டு மூச்சு விடுறது எனக்குக் குசினி வாசலில கேக்குது, டிக் அடிக்க அடிக்கக் காது அசையுது. எத்தினை நிமிசம் எண்டு தெரியாது. பிறகு நுனியால மெல்லத் தொட்டுது. அந்தப் பிளிறலுக்குத் தகரம் அதிர்ந்தது, திரும்பி ஓடின ஓட்டத்தில பத்தை முறிஞ்ச சத்தம் குளக்கட்டு வரைக்கும் போய் அடங்கிச்சு. மகள் என்ர சறத்தைப் பிடிச்சுக்கொண்டு "அதுக்கு நொந்திருக்கும் என்னப்பா" எண்டவள். நொந்திருக்கும்தான். உயிரோட போச்சுது.

ஆனா யானை படிக்கிற மிருகம். ரெண்டு கிழமையால அதே தனியன், காலடி அதே அளவு, வந்து கம்பியத் தொடவே இல்லை, கட்டைத் தூணைப் பாதத்தால மிதிச்சுச் சரிச்சு, கம்பி நிலத்தில படுத்தாப் பிறகு தாண்டி வந்து வாழை அஞ்சு. வீட்டுக்க வைச்சிருந்த நெல்லு மூடை வாசத்துக்குச் சுவரடி வரைக்கும் வந்து மணந்திருக்கு, ஈரத்தில தும்பிக்கை பட்ட தடம் யன்னல் கீழ வடிவாத் தெரிஞ்சுது. 1992 க்கு அடிச்சம், அதுதான் வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர இலக்கம், போனில போட்டு வைச்சிருங்கோ, யானை வெடியும் அவை மூலமாத்தான் எடுக்க வேணும். அதுக்குப் பிறகு தூணுக்கு வெளிப்பக்கமா ஒரு முழம் நீட்டின மாதிரிச் சின்னக் கம்பி ஒவ்வொரு தூணிலயும் கட்டி அதுக்கும் கரண்ட் குடுத்திருக்கிறன், தூணை மிதிக்க வந்தா நெஞ்சில படும். நெல்லையும் வீட்டில வைக்கிறதில்லை, ஆலைக்குப் பக்கத்துக் கடையில வாடகைக்கு. புரட்டாசியில ஒருக்கா வந்து சுத்திப் பாத்திட்டுப் போன அடி இருந்தது, உள்ளுக்க வரேல்ல.

2023 இல மட்டும் நாடு முழுக்க 480க்கு மேல யானை செத்தது, சனம் 180க்கு மேல. வெடி, துவக்கு, கள்ளக் கரண்ட், ரெயில் எண்டு கணக்குப் போகுது. 2011 இல எண்ணினபோது முழு இலங்கைக்குமே 5879 யானைதான். நான் சொல்லுறது என்னெண்டா, உங்களுக்குப் பண்டி யானைப் பிரச்சினை இருந்து, வீட்டு லைனில வயர் இழுக்க ஒரு எண்ணம் மனசில ஓடுது எண்டால், அந்த லட்சத்தைக் கடன்பட்டாவது தேடி இதைப் போடுங்கோ. நாலு வீடு சேர்ந்து போட்டா ஒரே பெட்டி காணும், பெட்டிச் செலவு நாலில ஒண்டு, எங்கட ஒழுங்கையில இப்ப ரெண்டு வீடு என்னோட சேரக் கேட்டிருக்கினம். மந்திக்கு எண்டு மட்டும் நினைச்சா வாங்காதேங்கோ, காசு வீண். கிழமைக்கு ஒருக்காச் சுத்தி நடந்து பாக்க நேரமில்லாத ஆளும் வாங்காதேங்கோ, பெட்டிய விட அந்த நடைதான் வேலி.

நேத்து ராவு முதல் மழை அடிச்சுது. படுத்திருக்க டிக் சத்தத்தோட சட் சட் எண்டு இன்னொரு சத்தம், ரோச் அடிக்காமல் போய்ப் பாத்தன், தென்கிழக்கு மூலையில கீழ்க் கம்பியில புல்லு ஒண்டு சாஞ்சு, ஒவ்வொரு துடிப்புக்கும் நீலமா ஒரு பொட்டு வெளிச்சம். டெஸ்டர் 5. விடிய எழும்பி அந்தப் பக்கம் முழுக்கக் கத்தியால செருக்கினன், மகள் புதுக் குட்டி நாயைக் கயித்தில பிடிச்சுக்கொண்டு பின்னால வந்தவள். இப்ப 7.8.